ரப்பர் தவளையும் ஆத்து விராலும்

போன ஞாயித்துக்கிழமை காலைல ஒரு ஆறரை மணி இருக்கும், தென்பெண்ணைல முழங்கால் தண்ணில நின்னுகிட்டு கோரைப்புல்லு ஓரமா ரப்பர் தவளைய வீசி வீசி இழுத்துட்டு இருந்தேன். கரைல மாடு ஓட்டிகிட்டு வந்த பெரியவர் ஒருத்தரு ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு, "இன்னாப்பா, பொம்மைய வச்சிகினு விளையாடறியா"ன்னு கேட்டாரு. மீன் புடிக்கறேன் தாத்தான்னு சொன்னேன். "மீனுக்கு கண்ணு தெரியாதா இது ரப்பருன்னு"ன்னாரு. பதில் சொல்லத் தெரியல. அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரமா ஒரு மீன் கூட தொடல, அதனால மீனுக்கு நல்லாவே கண்ணு தெரியுதுன்னுதான் எனக்கும் தோணிச்சு.

இந்த பைத்தியம் எப்படி புடிச்சிச்சுன்னு நிறைய பேரு கேட்டுட்டீங்க, அதனால முதல்ல இருந்தே எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் போவும்.

நான் பொறந்தது காவேரிப்பட்டணம் பக்கம். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, அதை ஒட்டி ஆறு. தூண்டில் போட கத்துக்குடுத்தது எங்க தாத்தா. மூங்கில் கழி, நைலான் நரம்பு, நெட்டித் தக்கை, சாணிக்குழி ஓரத்துல தோண்டுன மண்புழு, அவ்ளோதான் செட்டு, மொத்த செலவு அஞ்சு ரூபா கூட வராது. கெளுத்தி, கெண்டை, கொரவை, எப்பவாவது ஒரு விரால். மீன் புடிச்சா வீட்டுக்கு கொண்டு போவணும், கொண்டு போனா அம்மா குழம்பு வைக்கணும், ராத்திரிக்கு களியோட அந்தக் குழம்பு. புடிச்ச மீனை திருப்பி தண்ணிலயே விடறதுன்னு ஒண்ணு இருக்குன்னு அப்ப யாராவது சொல்லியிருந்தா மந்திரிச்சு விட கூட்டிட்டு போயிருப்போம்.

அப்புறம் படிப்பு, ஓசூர்ல வேலை, தூண்டிலே மறந்து போச்சு. 2018 நவம்பர்ல ஆபீஸ் வேலையா ஆஸ்திரேலியா போக வேண்டி வந்துச்சு, நியூகாசில்ங்கற ஊரு, சிட்னிக்கு வடக்க கடலோரமா இருக்கு. நாலு மாசம். லீவு நாள்ல ரூம்ல உக்காந்து புளிசாதம் சாப்ட்டுட்டு இருந்தவனை கூட வேலை பாத்த வெள்ளைக்காரர் ஒருத்தர் மீன் புடிக்க வர்றியான்னு கூப்பிட்டாரு. கடலுக்குத்தான் போவோம்னு நெனச்சேன், ஊரே கடலோரம்தானே. ஆனா வண்டிய உள்நாட்டுப் பக்கம் திருப்பினாரு. ரெண்டு மணி நேரம் ஓட்டி, பாரிங்டன் டாப்ஸ்னு ஒரு மலை, அதுல இருந்து இறங்கற ஆலின்னு ஒரு சின்ன ஆறு, அது போயி பேட்டர்சன் ஆத்துல சேந்து அப்புறம் ஹன்டர்ங்கற பெரிய ஆத்துல கலக்குது. ஆறுன்னு பேருதான், எங்க சின்னாறு அளவுக்குக் கூட அகலம் இல்ல, சில இடத்துல தாண்டியே குதிச்சிடலாம். கரை ரெண்டு பக்கமும் சவுக்கு, நம்ம சவுக்குத் தோப்பு மாதிரியே காத்துல உஸ்ஸுனு சத்தம், கண்ண மூடுனா ஊருதான்.

அங்க அவரு தேடுனது பாஸ்னு ஒரு மீன். ஆஸ்திரேலியன் பாஸ். வெண்கலப் பாத்திரம் பழசானா ஒரு நெறம் வருமே அந்த மாதிரி கருத்த மினுமினுப்பு, பெரிய கண்ணு, பெரிய வாயி. அமெரிக்காக்காரங்க வீடியோவுல தூக்கிக் காட்டற பாஸ் வேற இனம், இது வேற. டிசம்பர் ஜனவரி அங்க கோடைகாலம், மரமெல்லாம் சில்வண்டு காது கிழியற மாதிரி கத்தும், அதுங்க தவறி தண்ணில விழுந்து ரெக்கைய அடிச்சிட்டு சுத்தும்போது கீழ இருந்து பாஸ் வந்து படக்குனு முழுங்கிடும். அதனால அவங்க வீசற லூரும், அதான் மீன ஏமாத்தற பொய் இரை, சில்வண்டு மாதிரியே ரெக்கை வச்சது. சாயங்காலம் வெளிச்சம் மங்கற நேரத்துல, விழுந்து கிடக்கற மரத்துக்கு அடில நெழல்ல, சத்தம் போடாம வீசணும். நான் வீசுனது முக்காவாசி மரத்து மேலதான் மாட்டிச்சு, அத கழட்டறதுக்கே மனுஷன் பாதி நேரம் தண்ணில நடந்தாரு, ஒரு வார்த்தை முகம் சுளிக்கல.

கடைசில ஒண்ணு மாட்டிச்சு. மேல் தண்ணில ஒரு வெடி வெடிச்ச மாதிரி சத்தம், ராடு, அதான் தூண்டில் கழி, அப்படியே வளைஞ்சு போச்சு, நான் ஏதோ அஞ்சு கிலோ மீன்னு நெனச்சு கத்தறேன், வெளில வந்தா ஒரு சாண் விட கொஞ்சம் பெருசு, ஒரு அடி இருக்கும். அவ்ளோதானான்னு என் மூஞ்சி போனத பாத்துட்டு அவரு சிரிச்சாரு. இந்த சைஸ் வர்றதுக்கே பல வருஷம் ஆவும்னாரு. அளந்தாரு, ஒரு போட்டோ, உடனே தண்ணில விட்டுட்டாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது, சத்தியமா சொல்றேன். அத்தனை தூரம் வந்து, ஒரு நாள் முழுக்க நடந்து, மாட்டுன ஒரே மீனையும் விட்டுட்டா ராத்திரிக்கு என்ன சாப்பிடறது.

திரும்பி வர்ற வழில அவரு சொன்னதுதான் இன்னைக்கு வரைக்கும் என் மண்டைல ஓடிட்டு இருக்கு. இந்த பாஸ் வாழறது நல்ல தண்ணில, ஆனா முட்டை போடறது உப்புத் தண்ணி கலக்கற முகத்துவாரத்துல. குளிர்காலத்துல மழை வெள்ளம் வந்தா அந்தத் தண்ணியோட கீழ இறங்கிப் போவும், முட்டை போட்டுட்டு திரும்ப மேல ஏறி வரும், அதுலயும் பொம்பள மீனுங்கதான் ரொம்ப மேல வரைக்கும் ஏறுமாம். அதுக்குத்தான் மே மாசம் ஆரம்பிச்சு ஆகஸ்ட் முடியற வரைக்கும் அங்க ஆத்துலயும் கழிமுகத்துலயும் பாஸ் புடிக்கத் தடை. ஆத்துக்கு குறுக்க அணை கட்டிட்டா அணைக்கு மேல இருக்கற மீன் இறங்க முடியாது, கீழ இருக்கறது ஏற முடியாது. அப்புறம் எப்படி கிளென்பான் மாதிரி பெரிய டேம்ல எல்லாம் பாஸ் இருக்குன்னு கேட்டா, பண்ணைல குஞ்சு பொரிச்சு கொண்டாந்து விடறாங்க, லைசென்ஸ் பணத்துல இருந்து அதுக்கும் ஒரு பங்கு போவுது. நானும் ஒரு மாசத்துக்கு 14 டாலர் கட்டி லைசென்ஸ் எடுத்தேன், தூண்டில் போடறதுக்கு லைசென்ஸானு வீட்ல போன்ல சொன்னா அம்மா நம்பவே இல்ல. டேம் பாஸ் கொழுகொழுன்னு பெருசா இருக்கும், போட்டோவுக்கு நல்லா இருக்கும். ஆனா அவருக்கு டேம் மேல கண்ணே கிடையாது. சின்னதா இருந்தாலும் தானா கடல் பக்கம் போயி தானா ஏறி வந்த மீன்தான் வேணும்னாரு, அது பேரே தனியா காட்டு பாஸ்.

அத கேட்டதும் எனக்கு எங்க தாத்தா சொன்ன விலாங்கு கதை ஞாபகம் வந்துச்சு. அவரு வயசுப் பையனா இருந்தப்போ பெண்ணையாத்துல பாறை இடுக்குல தொடை தண்டிக்கு விலாங்கு புடிச்சேன்னு சொல்லுவாரு, நாங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டற விலாங்குன்னு பழமொழிதான் கேட்டிருக்கேன், எங்க ஊரு ஆத்துல ஒண்ணு கூட நான் பாத்ததில்ல. ஆனா யோசிச்சுப் பாத்தா கணக்கு சரியா வருது. விலாங்கு பாஸுக்கு அண்ணன், அது முட்டை போடறது ஆழ்கடல்ல, குஞ்சு ஆத்து வாய் வழியா ஏறி மேல வந்து வருஷக் கணக்கா நல்ல தண்ணில வளரும். தென்பெண்ணை நந்தி மலைல பொறந்து கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் எல்லாம் தாண்டி கடலூர் பக்கம் கடல்ல சேருது. கிருஷ்ணகிரி டேம் 1957ல காமராஜர் தொறந்து வச்சது, சாத்தனூர் 1958. தாத்தா கதை அதுக்கு முந்தி. நூறு அடிக்கு மேல நிக்கற சாத்தனூர் சுவத்த ஏறி விலாங்கு எப்படி வரும். காவேரிலயும் அதே கதைதான், மேட்டூர் 1934லயே எழும்பிடுச்சு. டேம் வேணாம்னு நான் சொல்ல வரல, எங்க தோப்புக்கும் அந்தத் தண்ணிதான், ஆனா தாத்தாவ கிண்டல் பண்ணதுக்கு மட்டும் மனசு கஷ்டமா இருந்துச்சு, அவரும் இப்ப இல்ல.

சரி, ஊருக்கு வந்தாச்சு, 2019 மார்ச். வரும்போதே ஒரு ராடும் அதுல நூல் சுத்தற ரீலும் வாங்கிட்டு வந்துட்டேன். நம்ம ஊருல பாஸுக்கு எங்க போறது. கேஆர்பி டேம்ல, அதான் அந்த கிருஷ்ணகிரி டேம்ல, மீன் இல்லாமலா, பார்க் வெளில வரிசையா மீன் வறுக்கற கடை, சூடா அந்த வறுவல் சாப்பிடறதுக்குன்னே ஞாயித்துக்கிழமை கூட்டம் வரும், நானும் போவேன். ஆனா அங்க வர்ற கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் வடக்க கங்கைப் பக்கத்து மீனு, குஞ்சு விட்டு வளக்கறது. திலாப்பியான்னு சொல்ற ஜிலேபி மீனு அதை விட தூரம், ஆப்பிரிக்கா, இந்தியாவுக்கு வந்ததே 1952ல. ருசில குறை சொல்லல. ஆனா அந்த வெள்ளைக்காரர் சொன்ன அர்த்தத்துல காட்டு மீன்னு ஒண்ணு எங்க ஆத்துல இருக்குன்னா அது விரால்தான், அதுக்குத் தம்பி கொரவை. யாரும் கொண்டாந்து விடாமயே இருக்கும், ஓடைல ஏரில பள்ளத்துல எங்க தண்ணி இருந்தாலும் இருக்கும், தண்ணி வத்துனா சேத்துக்குள்ள போயி படுத்துக்கும், மழை வந்தா திரும்ப வரும். காத்த நேரா மூச்சு இழுக்கற மீன் அது, அதனால அப்பப்ப மேல வந்தே ஆவணும். அங்கதான் நமக்கு சான்ஸ். கரைல அசையாம ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் உக்காந்தா எங்கயாவது ஒரு "ப்ளக்" சத்தம் வரும், ஒரு சின்ன வட்டம் விரியும். அந்த இடத்தத் தாண்டி தவளைய வீசி, மெதுவா, நிஜத் தவளை தத்தித் தத்தி போற மாதிரி இழுத்துட்டு வரணும்.

ரப்பர் தவளைல ரெண்டு முள் இருக்கும், மேல் நோக்கி உடம்போட ஒட்டி படுத்திருக்கும், அதனால கோரை மேலயும் ஆகாயத்தாமரை மேலயும் மாட்டாம வழுக்கிட்டு வரும். மீன் கடிச்சா ரப்பர் அமுங்கி முள் வெளில வரும். இதுல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு, நானும் ஒரு வருஷம் முழுக்க பண்ணேன், மேல தண்ணி படார்னு வெடிச்ச உடனே பயத்துல வெடுக்குனு இழுத்துடறது. தவளை பறந்து வந்து நம்ம மூஞ்சில விழும், விரால் அங்கயே நின்னு சிரிக்கும். வெடிச்சதும் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணணும், லைன் இழுபடறது கைக்கு தெரியணும், அப்புறம்தான் ராட தூக்கணும். ராடு ஆறரை அடி போதும், மீடியம் ஹெவி, 3000 சைஸ் ரீல், லைன் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாம 30 பவுண்டு தாங்கற பிரெய்டு, அதான் பின்னல் நூலு, போடுங்க, ஏன்னா மாட்டுன விரால் முதல் வேலையா வேருக்குள்ள புல்லுக்குள்ள தலைய விட்டு சுத்திக்கும், நரம்பு லைனா இருந்தா அதோட போச்சு.

முதல் மழைக்கு அப்புறம் சாயங்காலம் ஈசல் கிளம்பும் பாருங்க, அன்னைக்கு ஆத்துப் பக்கம் இருந்தா எல்லா வேலையையும் போட்டுட்டு போங்க. ஆஸ்திரேலியால சில்வண்டு விழுந்த மாதிரி இங்க ஈசல் தண்ணி மேல கொட்டும், சின்ன கெண்டையெல்லாம் அதுக்கு மேல வரும், கெண்டைக்காக விரால் மேல வரும். வருஷத்துல ரெண்டு மூணு சாயங்காலம்தான் அப்படி அமையும்.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நான் கறார். புதுத் தண்ணி வர்ற காலத்துல தண்ணி மேல செவப்பா ஆரஞ்சு கலர்ல ஒரு கூட்டம், கொதிக்கற மாதிரி மேலயும் கீழயும் போயிட்டு வரும். அது விரால் குஞ்சுங்க. கீழ பெருசு காவலுக்கு நிக்கும். அந்த நேரத்துல கிட்ட எது வந்தாலும் பசிக்கே இல்லாம கோவத்துல கடிக்கும், எந்த சின்னப் பையனும் புடிச்சிடலாம், பெரிய பெரிய மீனா மாட்டும். யூடியூப்ல வர்ற பாதி விரால் வீடியோ அப்படி எடுத்ததுதான். பெருசத் தூக்கிட்டா அடுத்த பத்து நிமிஷத்துல கெளுத்தியும் மத்த மீனும் வந்து குஞ்சு மொத்தத்தையும் காலி பண்ணிடும். அங்க நாலு மாசம் தடை போட்டு லைசென்ஸ் வாங்கி செய்யறத இங்க நாமளா பாத்துக்கிட்டாத்தான் உண்டு.

நிறைய பேரு ஒகேனக்கல்ல தூண்டில் போடலாமான்னு கேக்கறீங்க. பரிசல்காரங்க கிட்ட மீன் வாங்கி அங்கயே குழம்பு வைக்க சொல்லி சாப்ட்டுட்டு வாங்க, அதோட நிறுத்திக்கோங்க. அந்தக் காடு 2022 நவம்பர்ல இருந்து காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம், தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் சேத்து 686 சதுர கிலோமீட்டர். அஞ்செட்டி, உரிகம் பக்கமெல்லாம் ஓடைல ராடோட நின்னா ஃபாரஸ்ட் ஆளுங்க புடிப்பாங்க, அதுக்கு முன்னாடி யானை புடிக்கும். அந்தத் தண்ணில திமில் வச்ச மகாசீர்னு ஒரு மீன், காவேரியும் அதோட கிளை ஆறுங்களும் தவிர உலகத்துல வேற எங்கயும் கிடையாது. 1946ல கபினில 120 பவுண்டுல ஒண்ணு புடிச்சாங்க, நம்ம கணக்குல 54 கிலோ. அப்படிப்பட்ட மீனுக்கு அறிவியல் பேரு உறுதியானதே 2018ல, அதே வருஷம் அழியற பட்டியல்ல கடைசிப் படிக்கும் போயிடுச்சு. வெடித் தோட்டா வச்சு அடிச்சது ஒரு பக்கம்னா, இன்னொரு பக்கம் நல்லது பண்றதா நெனச்சு வெளி ஆத்துல இருந்து வந்த நீலத்துடுப்பு மகாசீர வருஷக்கணக்கா பண்ணைல பொரிச்சு காவேரில கொட்டுனாங்க, அது பெருகிடுச்சு, சொந்தக்காரன் காணாமப் போயிட்டான். டேம் மீன் வேற ஆத்து மீன் வேறன்னு அந்த வெள்ளைக்காரர் சொன்னப்ப ஏதோ ருசி விஷயம்னு நெனச்சேன், இதப் படிச்சப்பதான் உறைச்சது.

இப்ப என் சொந்த வயித்தெரிச்சல். 2021ல ஒரு மடு கண்டுபுடிச்சேன், பாறைக்கு அடில ஆளு ஆழம், ஓரத்துல அத்திமரம், பழம் விழுந்தா கெண்டை கூட்டமா வரும், ஒரு பூவிரால் கூட பாத்தேன், வால் கிட்ட கண்ணு மாதிரி வட்டப் புள்ளி. சந்தோஷத்துல போட்டோ எடுத்து போட்டுட்டேன், பின்னாடி ஒரு கோயில் கோபுரம் தெரிஞ்சது நான் கவனிக்கல. ரெண்டு வாரம் கழிச்சு போறேன், கரைல நாலு பேரு, பேட்டரி, ஒயரு, கம்பு. கரண்ட் வச்சு அடிச்சுட்டாங்க. விரல் நீளக் குஞ்சு வரைக்கும் வெள்ளையா மெதக்குது, அவங்களுக்கு வேண்டியது பெருசு மட்டும்தான், மத்ததெல்லாம் அங்கயே விட்டுட்டு போயிட்டாங்க. தோட்டாவும் விஷமும் போட்டு மீன் புடிக்கக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் 1897லயே சட்டம் போட்டான், இவங்க கிட்ட அத சொன்னதுக்கு ஆறு உங்கப்பன் வீட்டு சொத்தான்னு கேட்டாங்க. நாலு பேரு, நான் ஒருத்தன், வந்துட்டேன்.

அந்த மடு அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தேறிச்சு. ஆனா 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் வந்துச்சே, ஊத்தங்கரைல மட்டும் ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர், ஏரியெல்லாம் நிரம்பி ஒடைஞ்சு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ன வேன் எல்லாம் பொம்மை மாதிரி போச்சு. எங்க ஆத்துலயும் வெள்ளம். வடிஞ்சதுக்கு அப்புறம் போயி பாத்தா என் மடு இருந்த இடத்துல மணல் மேடு, அத்திமரம் வேரோட சாஞ்சு கிடக்குது, அந்த மேட்டு மேல பசங்க கிரிக்கெட் ஆடிட்டு இருக்காங்க. ஏரி ஒடைஞ்சதுல வந்த கட்லாவும் ஜிலேபியும்தான் அந்த வருஷம் பூரா எல்லார் தூண்டில்லயும் மாட்டிச்சு, ஊரே கொண்டாடிச்சு, நான் மட்டும் எழவு வீட்டுக்காரன் மாதிரி சுத்துனேன். வீட்டுக்காரி கேட்டா, மீனுதானே, எந்த மீனா இருந்தா என்னன்னு.

அப்புறம் நடந்தேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆத்தோரமாவே நடந்தேன், வண்டி போற இடத்துல எல்லாம் ஆளுங்க இருப்பாங்க, அதனால வண்டி போகாத இடமா பாத்து. டேம் ஷட்டர் தொறக்கற நாள விசாரிச்சுட்டுதான் இறங்குவேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க, தண்ணி சத்தம் இல்லாம ஏறும். ஆத்துல கழிவு நுரை வாடை அடிக்கற நாள்ல இறங்கவே மாட்டேன். ஒரு நாள் ஒரு ஓடை வந்து சேர்ற முக்குல, வெள்ளம் மண்ண அரிச்சுட்டு போயி புதுசா ஒரு பள்ளம் பறிச்சு வச்சிருந்தது தெரிஞ்சுது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கோரை.

பெரியவர் பாத்துட்டு நின்ன அன்னைக்கு நான் இருந்தது அங்கதான். அவரு பொம்மைன்னு சொல்லிட்டு திரும்புனாரு, ஒரு "ப்ளக்". வீசுனேன். ரெண்டு தத்து தத்துச்சு, மூணாவது தத்துல தண்ணியே வாய தொறந்த மாதிரி படார்னு ஒண்ணு. ஒண்ணு, ரெண்டு, தூக்குனேன். கோரைக்குள்ள ஒரு பாய்ச்சல், நான் தண்ணில விழுந்து எந்திரிச்சு, பெரியவரு மாட்ட விட்டுட்டு ஓடி வந்து "விடாத விடாத"ன்னு கத்தறாரு. ஒரு கிலோவுக்கு கொஞ்சம் மேல இருக்கும், ஆத்து விரால், கருப்பு, வயிறு வெள்ளை, டேம் மீன் மாதிரி தொப்பை இல்ல. முள்ள கழட்டி தண்ணில வச்சு கைய எடுத்தேன், ஒரே சுழட்டு, போயிடுச்சு.

பெரியவரு மூஞ்சிய பாக்கணுமே, 2018ல என் மூஞ்சி அப்படித்தான் இருந்திருக்கும். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "மாங்கா போட்டு வச்சா எப்பிடி இருக்கும் தெரியுமா அது"ன்னாரு. தெரியும் தாத்தான்னேன். சாம்பல் போட்டு கல்லுல தேச்சு வழுவழுப்பு எடுக்கணும், முள்ளு கம்மி, புள்ள பெத்தவங்களுக்கு குடுப்பாங்க, எல்லாத்தையும் நின்னு வரிசையா சொன்னாரு, எனக்கு வாயெல்லாம் தண்ணி. அடுத்தது மாட்டுனா உங்களுக்குத்தான்னு சொல்லி ஒம்போது மணி வரைக்கும் வீசுனேன், எதுவும் தொடல. போகும்போது அந்தப் பொம்மை என்ன விலைன்னு கேட்டாரு. எரநூத்தம்பது ரூபான்னதும் மாட்ட ஓட்டிகிட்டு திரும்பிப் பாக்காம போயிட்டாரு.

இடம் எங்கன்னு கேட்டு யாரும் மெசேஜ் பண்ணாதீங்க. காவேரிப்பட்டணத்துக்கு மேலயா கீழயான்னு கூட சொல்ல மாட்டேன். இந்த தடவை போட்டோவும் இல்ல.